இரண்டு மணிக்கு ஒருமுறை



இன்றைய அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு 'நோயும் துன்பமும் விசுவாசமும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் இறையியல் கற்றவள் அல்ல. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இலக்கணம் நடத்தியவள். ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்டேன். இந்தத் தலைப்பு எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், ஒரு மரக்கட்டிலில், பத்தொன்பது ஆண்டுகள் படுத்திருந்தது.

1983ஆம் ஆண்டு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். எங்களுடையது தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர். மறுநாள் காலைப் பவனிக்குத் தென்னங்குருத்து வேண்டும். வருடா வருடம் ஏறி வெட்டிக் கொடுப்பது என் அண்ணன். அப்போது அவனுக்கு வயது இருபத்தாறு. ஊரில் தையற்கடை வைத்திருந்தான். இளமஞ்சள் ஓலையை ஈர்க்கிலிருந்து கிழித்து நொடியில் சிலுவையாக மடிப்பதில் அவன் கைக்கு எங்கள் சபையில் இணை கிடையாது. அன்று மூன்றாவது மரத்தில் அவன் பிடித்த மட்டை கையோடு கழன்று வந்துவிட்டது. விழுந்தது மணலில்தான். மேலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, "அம்மா, என் காலைக் காணோம்" என்றான். கால்கள் இரண்டும் அவன் கண்முன்னே நீட்டியபடி கிடந்தன.

முதுகுத்தண்டு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருந்தது. முதலில் சேர்த்த மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். உணர்வற்ற உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் துணி மாற்றும்போது அம்மா பார்த்தாள்: இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் புரண்டு படுத்திருப்பான், புண் வந்திருக்காது. நாம் தூக்கத்தில் எத்தனை முறை புரள்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. அந்தப் புரளலை உடம்பு மறந்துவிட்டால், இன்னொருவர் கை அதைச் செய்தாக வேண்டும். அந்தப் புண் எலும்புவரை இறங்கி, ஆற ஏழு மாதம் ஆயிற்று.

அந்த ஏழு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று நான் பேச வந்ததன் பாதி அவர்களைப் பற்றியது.

குடும்பத்தில் மறைவான பாவம் ஏதும் உண்டா என்று கேட்டார் ஒருவர். கட்டிலைச் சுற்றி நின்று இரவெல்லாம் ஜெபித்த ஒரு குழு, விடியற்காலையில் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி, எழுந்து நட என்றது. அவன் எழவில்லை. போகும்போது அந்தக் குழுவின் தலைவர் வாசற்படியில் நின்று அம்மாவிடம், "அக்கா, உங்க வீட்ல விசுவாசம் பத்தலை" என்றார். கோயில் பவனிக்குக் குருத்து வெட்டப் போய் விழுந்தவனின் தாயிடம் சொன்ன வார்த்தை அது. அம்மா அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எங்களுக்கு நேர்ந்த எதுவும் அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு அவளை உடைத்ததில்லை. அதைச் சொன்னவரை நான் மன்னித்துவிட்டேன். அந்தப் போதனையை மன்னிக்கவில்லை. இன்றும் ஊர் ஊராக நோயாளிகளின் தலைமாட்டில் நின்று அது அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டுப்போனார்கள். கதை முடிகிற இடத்தில் ஆண்டவர் கோபிப்பது அந்த நண்பர்கள்மேல். தம்மோடு வழக்காடிய யோபுவின்மேல் அல்ல. பவுலைப் பாருங்கள். தம் உடம்பில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் எடுக்கப்படவில்லை. அவர் விசுவாசம் பத்தாதவரா? தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில் எளிதில் கண்ணில் படாத ஒரு செய்தி இருக்கிறது. துரோப்பீமு என்ற உடன் ஊழியனை மிலேத்து பட்டணத்தில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார் பவுல். அவர் கைபட்டுப் பலர் குணமானதாகச் சொல்லும் அதே வேதத்தில், குணமாகாத இந்த ஒருவனும் இருக்கிறான். அவனைப் பழிக்க ஒரு சொல் அங்கே இல்லை. பிரசங்கங்களில் நான் துரோப்பீமுவின் பெயரை அதிகம் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவன் நெருங்கிய உறவினன் மாதிரி.

தெய்வீக சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆண்டவர் எத்தனையோ பேரைக் குணமாக்கினார், குணமாக்குகிறார் என்றே நம்புகிறேன். என் வழக்கு வேறு. குணமாகாதவனுக்குக் கிடைக்கும் பலமும் அதே கையிலிருந்து வருகிறது. அதையும் சாட்சி என்று சபையில் எழுந்து நின்று சொல்ல நமக்கு இடம் வேண்டும்.

1984இல் அண்ணனை வேலூருக்குக் கொண்டுபோனோம். பாகாயத்தில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தோம். அங்கே போன பிறகுதான் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற பெயரை முதன்முதலில் கேள்விப்பட்டோம்.

கொச்சிக்கு அருகே வைப்பின் தீவிலுள்ள செராயி என்ற ஊரில், வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925இல் பிறந்தவர் அவர். வேலூரில் மருத்துவம் படித்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தக் கல்லூரியின் கதையே பிரசவத்தில் இறந்த பெண்களிலிருந்து தொடங்குவதுதானே! ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து வந்து கதவைத் தட்டினார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதால் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். திண்டிவனத்தில் அந்த இரவைக் கண்ட ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார் என்பது தமிழ்நாட்டில் பலரும் அறிந்த வரலாறு. அந்த வழியில்தான் மேரியும் நடக்க இருந்தார். 1954ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், சக மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வயது இருபத்தெட்டு.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட முறிவுக்கு என்ன பொருள் என்று மருத்துவம் படித்தவருக்குத் தெரிந்திருக்கும். படுக்கைப் புண்ணும் சிறுநீரகத்தில் ஏறும் சீழும் சில ஆண்டுகளில் ஆளைக் கொண்டுபோய்விடும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவிலில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் இந்த விதியை மாற்றத் தொடங்கியிருந்தார். அவருடைய முறையின் அடித்தளம் எது தெரியுமா? நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. அந்த அறிவு அப்போது இந்தியாவில் பரவியிருக்கவில்லை.

மேரிக்கு வழி காட்டியவர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்துகொண்டிருந்த அறுவை மருத்துவர். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. கிருமி தாக்குவது நரம்பை. நரம்பு செத்த கைக்குச் சூடும் தெரியாது, வெட்டும் தெரியாது. கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் இறக்கியும், பட்ட புண்ணைக் கவனிக்காமல் விட்டுமே விரல்கள் தேய்கின்றன என்று பிராண்ட் கண்டு சொன்னார். முழங்கை நரம்பு கெட்டால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிக்கொள்ளும். நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய், மடங்கிய விரலில் தைப்பார்கள். பிறகு சில வாரம் மாவுக்கட்டு. பிறகு பயிற்சி. பழைய வேலையை மறந்து புதிய வேலையை அந்தத் தசை கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த அறுவையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். பிராண்ட் மேரியிடம் கொண்டுபோனது இந்த யோசனையைத்தான். நிற்கவே முடியாத ஒரு பெண்ணுக்கு, உட்கார்ந்து செய்ய வேண்டிய அறுவை. மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் அறுவைக் கூடத்துக்கு வந்தார்.

அந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரின் கையில் உணர்வு இல்லை. இந்தப் பக்கம் கத்தியைப் பிடித்திருப்பவரின் காலில் உணர்வு இல்லை. சொந்த வீட்டிலிருந்தே துரத்தப்பட்ட ஒரு தொழுநோயாளி, தன்னைத் தொட்டுத் தைக்கிற மருத்துவரும் உடைந்தவர் என்பதைக் கண்ணால் பார்க்கிறார். 'நம்பிக்கையாக இருங்கள்' என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனைக்குப் போய்த் தனியே இயங்கப் பயிற்சி பெற்றார் மேரி. அதன்பின் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூருக்குத் திரும்பி 1963இல் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் காலமானார். இடையில் உள்ளவற்றை வேகமாகச் சொல்லிவிட்டேன். பட்டங்களைவிட எனக்கு முக்கியம், அவர் நட்டுவைத்த அந்த நிலையத்தில் என் அண்ணனுக்குக் கிடைத்த ஒரு கேள்வி.

பிசியோதெரபி செய்த பெண் முதல் வாரமே அவனிடம் கேட்டார்: "என்ன வேலை தெரியும் அண்ணே?" தையல் என்றான். கால் போன பிறகு மெஷினை எங்கே மிதிப்பது என்று அழுதான். "கை மெஷின் இருக்கே" என்றார் அவர், சாதாரணமாக. மேரிக்கு உட்கார்ந்து செய்யும் அறுவை; என் அண்ணனுக்கு வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி இடக்கையால் துணியைத் தள்ளும் கை மெஷின். ஊருக்கு வந்தபின் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் யூனிபார்ம் தைத்தான். இரண்டு கையும் வேண்டிய இடத்தில் அம்மா சக்கரம் சுற்றுவாள். காஜா எடுப்பது என் வேலை. பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் பதினெட்டும் அவன் தைத்தவைதாம்.

இதைக் கேட்டுவிட்டு, அவன் உடனே மனந்தேறிவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். விழுந்ததிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக அவன் ஜெபிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். ஐயர் வந்தால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் ஐயர் ஆறுதல் எதுவும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 88ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் முடிவுக்குள் எங்கேனும் ஒரு வெளிச்சம் வந்துவிடும். இதில் வராது. இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று தொடங்கிய முறையீடு இருளிலேயே போய் நின்றுவிடும். வாசித்து முடித்ததும் ஐயர் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் சுவர்ப்பக்கமிருந்தே என்னிடம் கேட்டான்: "இது பைபிள்லயா இருக்கு?" எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்தான். ஆண்டவரைப் பார்த்து இப்படியும் கேட்கலாம், கேட்டதைச் சபை அழித்துவிடாமல் நூற்றாண்டுக் கணக்கில் வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்கு ஒரு திறப்பு. அவன் ஜெபம் அங்கே சண்டையாகத் தொடங்கியது. சண்டையாகவே நெடுநாள் போயிற்று.

நோயோடு வாழ்கிறவர்கள் யாரேனும் இந்த அரங்கில் இருந்தால், அவர்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் கோபம் அவிசுவாசம் ஆகாது. இல்லாத ஒருவரோடு யாரும் சண்டை போடுவதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள் டோனாவூரைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தார். அதிலிருந்து 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள், படுக்கையிலேயே. அங்கிருந்தபடி புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகள் அறைக்கு வந்து போனார்கள். அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறையில் கல் நாட்டவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லைப் பொறித்திருக்கிறார்கள். அண்ணன் விழுவதற்கு முன்பு ஒருமுறை நாங்கள் குடும்பமாய்ப் போயிருந்தோம். தொட்டியருகில் அம்மா வெகுநேரம் நின்றாள்.

இனி அம்மாவைப் பற்றி.

வேலூரில் அவளுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முதலில் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கையை எடுத்து மார்பின்மேல் குறுக்கே வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் மரத்துண்டை உருட்டுவதுபோல் ஒரே சீராக. பிறகு குதிகால், கணுக்கால், இடுப்பெலும்பு என்று ஒவ்வோர் இடமாகத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் நானும் அப்பாவும் இருந்தோம். இரவில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு அம்மா. தலைமாட்டில் ஓர் அலாரம் கடிகாரம். பின்னாளில் அலாரம் தேவைப்படவில்லை. கோயில் மணி அடிக்கும் குட்டியார் வாரத்தில் இரண்டு இரவு வந்து திண்ணையில் படுத்துக்கொள்வார். "நீ தூங்கு தாயி, ரெண்டு மணியும் நாலு மணியும் நான் பாத்துக்கிடுதேன்" என்பார். எங்கள் சபையில் அவர் பெயர் எந்தக் கமிட்டியிலும் இருந்ததில்லை.

புரட்டும்போது அம்மா ஜெபிப்பாள். நான் அரைத்தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். முதல் வருடம் அவனை நடக்க வையும் என்று ஜெபித்தாள். பிறகு அந்த வேண்டுதல் மெல்ல நின்றுபோயிற்று. எப்போது நின்றது என்று எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு ஒவ்வொரு முறையும் ஒன்றேதான்: ஆண்டவரே, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வேண்டிய பலத்தைத் தாரும். நாளைக்கு என்று கேட்டதே இல்லை. ஒருமுறை நான் அதைப் பற்றிக் கேட்டேன். "மன்னாவ மறுநாளைக்குச் சேத்து வெச்சவங்களுக்குப் புழுதான் வந்துது" என்றாள். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு விழுந்த மன்னாவைப் பற்றி நானும் ஞாயிறு பள்ளியில் படித்தவள்தான். அன்றன்றைக்கு மட்டும் பொறுக்க வேண்டும் என்ற கட்டளையை ஒரு கீழ்ப்படிதல் சோதனை என்றே புரிந்துவைத்திருந்தேன். அம்மா அதைக் கட்டில் ஓரத்திலிருந்து படித்திருந்தாள். பத்தொன்பது ஆண்டு என்று முதல் நாளே யாராவது கணக்குச் சொல்லியிருந்தால், அவள் அன்றே விழுந்திருப்பாள். இரவுக்கு நான்கு முறை, வருடத்துக்கு ஆயிரத்து நானூற்று அறுபது முறை. அத்தனைக்கும் சேர்த்து வைத்த பலம் எந்தத் தாயிடமும் இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் இருந்தது. அது தீர்கிற நேரத்தில் மறுபடி வந்தது. சில இரவுகளில் வரவில்லை. அன்று அழுதுகொண்டே புரட்டினாள். சில இரவுகளில் அது குட்டியாரின் உருவில் திண்ணையில் படுத்திருந்தது. விசுவாசத்தால் வரும் பலம் என்று கேட்டால் நான் பார்த்தது இதுதான். இதைவிடப் பெரிதாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

அண்ணன் 2002ஆம் ஆண்டு சிறுநீரகம் கெட்டு இறந்தான். நாற்பத்தைந்து வயது. அவன் உடம்பைக் குளிப்பாட்டியவர்கள், இடுப்புக்குக் கீழே அந்தப் பழைய தழும்பு ஒன்றைத் தவிர ஒரு புண்ணும் இல்லையே என்று வியந்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வரைக்கும் ஊர்ப் பையன்கள் வெட்டிக்கொண்டு வரும் குருத்தைக் கட்டிலில் சாய்ந்தபடி கிழித்துச் சிலுவை மடித்துக் கொடுத்தது அவன்தான்.

அவன் போன பிறகும் அம்மாவுக்கு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து கூடத்துக்குப் போவாள். கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள்.

அதன் பின் பல ஆண்டு கழித்து அவளும் பக்கவாதத்தில் விழுந்தாள். பேச்சு போய்விட்டது. எட்டு மாதம் கிடையில் இருந்தாள். இரவில் அவளைப் புரட்டுவது என் முறையாயிற்று. ஆட்களை அடையாளம் தெரிகிறதா இல்லையா என்பதே எங்களுக்குச் சந்தேகமாக இருந்த நாட்கள் அவை. நான் விளக்கைப் போட்டுக் கட்டிலருகே போவேன். கண்ணைத் திறக்க மாட்டாள். ஆனால் நான் தொடுவதற்கு முன்பே, அசைகிற அந்த ஒரு கையைத் தானே தூக்கி மார்பின்மேல் குறுக்கே வைத்துக்கொள்வாள், புரட்டுகிறவளுக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று.